விடியப்புறம் ரோச் லைற்றோடு போய்ப் பாருங்கள்

கேள்வி: ஆவணியில் கனடாவிலிருந்து தம்பி வந்து நின்றபோது, எங்கள் முற்றத்தில் வேப்பமரத்துக்குப் பக்கத்தில் பத்தடி நீளம், ஆறடி அகலம், இரண்டடி ஆழத்தில் ஒரு சீமெந்துத் தொட்டி கட்டித் தந்தான். நடுவில் சின்ன நீரூற்று. கட்டி ஒரு கிழமையில் கிணற்றுத் தண்ணீர் விட்டு 24 தங்கமீன் வாங்கி விட்டோம். முதற் கிழமையே மூன்று செத்தது. பிறகு இரண்டு மாதம் ஒரு பிரச்சினையும் இல்லை. கார்த்திகையில் நாலைந்து நாள் வெயிலே இல்லாமல் மப்பாகக் கிடந்தது. அடுத்த நாள் விடிய எழும்பிப் பார்த்தால் ஏழு மீன் மிதக்குது, எல்லாம் பெரிய மீன்கள். தண்ணீரில் ஓடித் திரியும் பூச்சிகளுக்கு ஒன்றுமில்லை. மிச்ச மீன்களில் சிலவற்றின் செவுள் மூடியில் வெள்ளைப் புள்ளி இருந்தது. கடையில் சொன்னபோது அது வெள்ளைப்புள்ளி நோய் என்று நீல மருந்தும் சில கப்சியூல்களும் தந்தார்கள். அன்றைக்கே தொட்டியை இறைத்து, பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் விட்டு மருந்தையும் ஊற்றினோம். பொழுதுபடுவதற்குள் இன்னும் ஐந்து செத்துப் போனது. இது நடந்து பத்து நாள். இப்போது ஒன்பது மீன்தான் மிச்சம், அவையும் சாப்பிடுவதில்லை. வேப்பஞ்சருகு விழுவதால்தான் என்கிறா மாமி. பின் காணியில் வெங்காயத்துக்கு மருந்தடிப்பதுதான் காரணம், போய்க் கேட்கப் போகிறேன் என்று நிற்கிறார் இவர். தங்கள் இடத்தில் இந்த மீன் பனிக்குள்ளேயே கிடக்குது என்கிறான் தம்பி. அதே கிணற்றுத் தண்ணீரைத்தான் நாங்களும் குடிக்கிறோம். எங்களுக்கு ஒன்றும் செய்யாத தண்ணீர் மீனை ஏன் கொல்லுது?
(கோண்டாவிலிலிருந்து ஒரு வாசகி)

பதில்:

சகோதரி, முதல் வேலையாக உங்கள் கணவரைப் பின் காணிக்குப் போகாமல் மறியுங்கள். இந்த விஷயத்தில் வெங்காயத் தோட்டக்காரர் மேல் பிழை இல்லை. அதற்குச் சாட்சி உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. ஏழு மீன் மிதந்த அன்றும் தண்ணீரில் பூச்சிகள் ஓடித் திரிந்தன என்று எழுதியிருக்கிறீர்கள். பூச்சிமருந்து விழுந்த தண்ணீரில் முதலில் சாவது பூச்சி. இப்போது பரவலாக அடிக்கப்படும் பைரித்திரோயிட் வகை மருந்துகள் மீனுக்கும் பொல்லாத நஞ்சுதான், ஆனால் பூச்சி தப்பி மீன் மட்டும் சாகும்படி அவை வேலை செய்வதில்லை. அந்தப் பூச்சிகள் மேற்காற்றைச் சுவாசிப்பவை. மீன் சுவாசிப்பது தண்ணீருக்குள் கரைந்திருக்கும் ஒட்சிசனை. பூச்சி நிற்க மீன் போயிருக்கிறதென்றால், தண்ணீரில் எது குறைந்தது என்பது ஓரளவுக்குத் தெரிந்துவிடுகிறது.

உங்கள் கடிதத்தைத் திகதி வாரியாகப் பிரித்து எழுதிப் பார்த்தேன். மூன்று தடவை மீன் செத்திருக்கிறது. என் கணிப்பில் மூன்று தடவையும் காரணம் வேறு வேறு. மூன்றுக்கும் சேர்த்து ஒரு மருந்தைத் தேடிப் போனதில்தான் மூன்றாவது தடவை வந்தது.

முதற் கிழமை செத்த மூன்றும் புதுச் சீமெந்தால் போனவை. பூசி ஒரு கிழமையான தொட்டியிலிருந்து சுண்ணாம்பு தண்ணீருக்குள் கசிந்துகொண்டே இருக்கும். தண்ணீரின் காரத்தைக் காட்டும் பி.எச். பெறுமானம் 10, 11 வரை ஏறும். அதற்குள் விடப்பட்ட மீன் விறுக்கென்று ஓடி சுவரில் முட்டும், உடம்பில் வெள்ளைப் படலம் கட்டும், செட்டைகளின் அடி சிவக்கும். எங்கள் ஊரில் புதுத் தொட்டிக்குள் வாழைக்குற்றியை வெட்டிப் போட்டு ஊறவிடுவார்கள். அது மூடநம்பிக்கை இல்லை. வாழைக்குற்றி அழுகும்போது வரும் அமிலங்கள் சுண்ணாம்பை ஓரளவு தணிக்கும். ஆனால் அந்த அழுகல் தண்ணீரை முழுவதும் இறைத்துவிட்டு, இன்னும் இரண்டு மூன்று தடவை நிரப்பி, ஒவ்வொரு தடவையும் சில நாள் நிற்கவிட்டு இறைத்த பிறகுதான் மீன் விடவேண்டும். உங்கள் தொட்டி இப்போது மூன்று மாதம் பழையது. சுண்ணாம்புப் பிரச்சினை தானாகவே தீர்ந்திருக்கும். அதை விட்டுவிடுவோம்.

கார்த்திகையில் போன ஏழும் வேறு கதை. இதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் இது திரும்பவும் வரும்.

மீன் எந்த நேரம் செத்தது, எந்த மீன் முதலில் செத்தது என்ற இரண்டையும் யாராவது எனக்குச் சொன்னால் பாதி வேலை முடிந்துவிடும். உங்கள் மீன்கள் விடியப்புறம் செத்திருக்கின்றன. பெரியவை முதலில் போயிருக்கின்றன. ஒட்சிசன் தட்டுப்பாட்டில் இப்படித்தான் நடக்கும். பெரிய மீனுக்குத் தேவை கூட. குறைந்தவுடன் அதுதான் முதலில் தடுமாறும். சின்ன மீன்கள் தண்ணீரின் மேல் விளிம்பில் வாயை வைத்து எப்படியோ சமாளித்துவிடும்.

அந்த ஒட்சிசன் எங்கே போனது? உங்கள் தொட்டித் தண்ணீர் பச்சையாக இருந்திருக்கும். நீங்கள் எழுதவில்லை, ஆனால் கோண்டாவில் கிணற்றுத் தண்ணீரை இரண்டு மாதம் வெயிலில் வைத்தால் அது பச்சையாகாமல் விடாது. யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் பல கிணறுகளில் நைத்திரேற்று அதிகம். தோட்டங்களுக்குக் காலங்காலமாகப் போட்ட பசளையும், மலசலகூடக் குழிகளிலிருந்து இறங்குவதும் செம்மண்ணையும் சுண்ணக்கல்லையும் ஊடறுத்து நிலத்தடி நீருக்குப் போய்ச் சேருகின்றன. நைத்திரேற்று தங்கமீனை அவ்வளவு இலகுவில் கொல்லாது. ஆனால் பாசிக்கு அது பசளை. வெங்காயத்துக்குப் போட்ட யூரியா கடைசியில் உங்கள் தொட்டியில் பாசி வளர்க்கிறது. பின் காணிக்காரருக்கும் உங்கள் மீனுக்கும் ஏதாவது தொடர்பு இருக்கிறதென்றால் அது இவ்வளவுதான். அதற்காகப் போய்ச் சண்டை பிடிக்க முடியாது, உங்கள் மலசலகூடக் குழியும் அதே கணக்கில்தான் வருகிறது.

பாசி பகலில் ஒட்சிசனை வெளிவிடும். மத்தியானம் மூன்று மணிக்கு அளந்து பார்த்தால் தண்ணீரில் ஒட்சிசன் தாராளமாக இருக்கும், மீன்களும் துள்ளித் திரியும். இருட்டினால் நிலைமை மாறும். பாசி, மீன், அடியில் அழுகும் பாண் துண்டு எல்லாம் ஒட்சிசனை எடுக்கும், கொடுக்க யாருமில்லை. சூரியன் கிளம்புவதற்குச் சற்று முன்தான் அது ஆகக் குறைந்த இடத்துக்கு வரும். வெயில் உள்ள நாட்களில் மீன்கள் அந்த நேரத்தை எப்படியோ கடந்துவிடும். நாலைந்து நாள் மப்பாக இருந்தால் பகலில் சேரவேண்டியதும் சேராது. பாசியே சாகத் தொடங்கும், செத்த பாசி அழுகவும் ஒட்சிசன் வேண்டும். அந்த நாட்களில் தண்ணீரின் நிறம் திடீரென்று பச்சையிலிருந்து மண்ணிறமாக மாறியதா என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். மாறியிருந்தால் எனக்கு வேறு சாட்சி தேவையில்லை.

கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் எழுதிய இரண்டு வரியை மேலே அச்சிடவில்லை. எனக்கு முக்கியமாகப் பட்டவை அவைதான். ஒன்று, அப்பா காலையும் பின்னேரமும் பாண் பிய்த்துப் போடுவார் என்பது. மற்றது, நீரூற்றைப் பின்னேரம் ஆறு மணிக்குப் போட்டு, கரண்ட் பில்லுக்குப் பயந்து ஒன்பது மணிக்கு நிற்பாட்டுவீர்கள் என்பது. ஆட்கள் இருந்து பார்க்கும் நேரத்தில் நீரூற்று ஓடுகிறது. மீனுக்கு அது தேவைப்படும் நேரத்தில் நிற்கிறது. நேரத்தை மாற்றுங்கள். இரவு பத்து மணிக்குப் போட்டு, நல்லாக விடிந்து வெயில் ஏறிய பிறகு நிற்பாட்டுங்கள். 40 வாற்று மோட்டர் பத்து மணித்தியாலம் ஓடினால் 0.4 அலகு, மாதத்துக்கு 12 அலகு. அதுவும் பாரம் என்றால் அலங்கார மீன் கடைகளில் 5 வாற்று காற்றுப் பம்பி கிடைக்கும். அது இரவு முழுவதும் ஓடினாலும் மாதத்துக்கு ஒன்றரை அலகுதான். கரண்ட் போனால் ஓடக்கூடிய பற்றரி வகையும் உண்டு. மாரியில் அது ஒன்று கையில் இருப்பது நல்லது.

என் பேச்சை அப்படியே நம்பத் தேவையில்லை. நீங்களே சோதித்துப் பாருங்கள். விடியப்புறம் ஐந்து மணிக்கு ரோச் லைற்றோடு போங்கள். மீன்கள் எல்லாம் மேலே வந்து, மூக்கை நீர்மட்டத்தில் வைத்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு நின்றால், ஒன்பது மணிக்கு அவை கீழே இறங்கி வழமைபோல நீந்தினால், அது ஒட்சிசன். நாள் முழுவதும் அப்படியே மேலே நின்றால் காரணம் வேறு. செவுள் கெட்டிருக்கும். அடுத்தது, ஒரு வெள்ளைத் தேத்தண்ணிக் கோப்பையை நூலில் கட்டி மத்தியான நேரத்தில் தொட்டிக்குள் இறக்குங்கள். ஒரு அடி ஆழம் போகுமுன் கோப்பை கண்ணுக்கு மறைந்தால் பாசி மிதமிஞ்சிவிட்டது. அரை அடியிலேயே மறைந்தால் அன்றிரவே காற்றுப் பம்பி ஓடவேண்டும்.

உங்கள் தம்பி பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் பார்த்தது குளிர்த் தண்ணீர். பூச்சியம் பாகைக்குக் கிட்டே இருக்கும் தண்ணீர் லீற்றருக்கு 14 மில்லிகிராமுக்கு மேல் ஒட்சிசனைப் பிடித்து வைத்திருக்கும். 30 பாகைத் தண்ணீரில் எவ்வளவுதான் காற்றடித்தாலும் ஏழரை மில்லிகிராமைத் தாண்டாது. குளிரில் மீனின் உடம்பும் மெதுவாக இயங்குவதால் தேவையும் குறைவு. தங்கமீனுக்கு இன்னொரு வித்தையும் உண்டு. கடுங்குளிரில் ஒட்சிசனே இல்லாதபோது உடம்பில் சேரும் அமிலத்தை மதுசாரமாக மாற்றி செவுள் வழியாக வெளியே விட்டுக்கொண்டு பல மணித்தியாலம் தாக்குப் பிடிக்கும். யாழ்ப்பாணத்துச் சூட்டில் அந்த வித்தை அதற்குக் கைகொடுக்காது.

இனி அந்த வெள்ளைப் புள்ளி. இதை வாசித்தபோது எனக்குக் கொஞ்சம் கோபமே வந்தது. புள்ளி எந்த இடத்தில் இருந்தது? செவுள் மூடியில் என்று எழுதியிருக்கிறீர்கள். மிச்ச ஒன்பதில் ஒன்றைப் பிடித்து, ஈரக் கையில் வைத்துச் சரித்துப் பாருங்கள். வெள்ளைப்புள்ளி நோய் என்றால் உடம்பு, வால், செட்டை என்று எல்லா இடத்திலும் ரவை தூவியதுபோல ஒழுங்கில்லாமல் கிடக்கும். மீன் சுவரிலும் கல்லிலும் உடம்பை உரசிக்கொண்டு திரியும். அப்படியில்லாமல், செவுள் மூடியிலும் முன் செட்டையின் முன் விளிம்பு முள்ளிலும் மட்டும் வரிசையாக, தடவினால் சொரசொரவென்று படுகிற சின்னச் சின்ன முத்துக்கள் இருந்தால் அது நோயே இல்லை. உங்கள் மீன் ஆண் மீன், வளர்ந்து இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிட்டது என்பதன் அடையாளம் அது. சந்தோஷப்படவேண்டிய விஷயத்துக்கு மருந்து ஊற்றியிருக்கிறீர்கள். கடைக்காரர் மீனை நேரே பார்க்காமல், சொன்னதைக் கேட்டு மருந்து தந்திருக்கிறார். அலங்கார மீனுக்கு மருந்து விற்பவர்களில் கனபேர் இப்படித்தான்.

கழுவிய அன்று செத்த ஐந்துக்கும் விளக்கம் தேவையில்லை என்று நினைக்கிறேன். பிளீச்சிங் பவுடரின் குளோரீன் செவுளை எரிக்கும். தேய்த்துக் கழுவி எத்தனை தடவை அலசினாலும் சீமெந்துச் சுவரின் நுண் துவாரங்களில் அது தங்கும். அதோடு கிணற்றிலிருந்து மோட்டரால் நேரே இறைத்த தண்ணீரில் ஒட்சிசன் குறைவு, காபனீரொட்சைட்டு கூட. விடியப்புறம் மூச்சுக்குத் தவித்து அரைகுறையாகத் தப்பிய மீன்களை அதே நாள் அந்தத் தண்ணீரில் விட்டால் வேறென்ன நடக்கும்? சுடச்சுட இருக்கும் இன்னொரு ஆபத்தையும் சொல்லிவைக்கிறேன். கூரைக்கு மேல் இருக்கும் கறுப்புத் தண்ணீர்த் தாங்கியிலிருந்து மத்தியானத்தில் ஒருபோதும் தொட்டிக்கு விடவேண்டாம். கைவைக்க முடியாத சூட்டில் வரும்.

கழுவியதால் வந்த பெரிய நட்டம் கண்ணுக்குத் தெரியாதது. தொட்டிச் சுவரில் வழுவழுவென்று ஒரு படலம் இருந்ததல்லவா? அதற்குள் இருந்த பற்றீரியாக்கள்தான் மீன் கழிக்கும் அமோனியாவை முதலில் நைத்திரைற்றாகவும் பிறகு நைத்திரேற்றாகவும் மாற்றிக்கொண்டிருந்தன. அவற்றைத் தேய்த்துக் கழுவிவிட்டீர்கள். நீல மருந்து என்பது மெதிலீன் புளூவாக இருந்தால் மிச்சம் மீதியும் அதில் போயிருக்கும். கப்சியூலுக்குள் இருந்த நுண்ணுயிர்க்கொல்லி நோய்க்கிருமி, நல்ல கிருமி என்று பார்த்துக் கொல்லாது. அந்தப் படலம் திரும்ப உருவாக நாலு தொடக்கம் ஆறு கிழமை வேண்டும். நீங்கள் இப்போது இரண்டாவது கிழமையில் நிற்கிறீர்கள். ஒன்பது மீனும் சாப்பிடாமல் நிற்பதற்குக் காரணம் அநேகமாக அமோனியா அல்லது நைத்திரைற்று.

எங்கள் தண்ணீரில் அமோனியா கூடுதலாகக் கடிக்கும். சுண்ணக்கல்லுக்குள்ளிருந்து வரும் தண்ணீர் காற்றுப் பட்டு நின்றால் பி.எச். 8 ஐத் தாண்டும். பாசியும் சேர்ந்தால் பின்னேரத்தில் 9 வரை போகும். பி.எச். ஏற ஏற அமோனியாவில் கூடிய பங்கு நஞ்சு வடிவத்துக்கு மாறும். 30 பாகைச் சூட்டில் பி.எச். 7 ஆக இருந்தால் மொத்த அமோனியாவில் நூற்றுக்கு ஒன்றுகூட நஞ்சு வடிவில் இருக்காது. 8 இல் அது நூற்றுக்கு ஏழரை. 9 இல் நூற்றுக்கு 45. கொழும்பிலோ வெளிநாட்டிலோ இருப்பவர் அமோனியா 1 மில்லிகிராம்தானே, பரவாயில்லை என்று சொல்லக்கூடும். அவருடைய தண்ணீருக்கு அது சரியாக இருக்கலாம். நஞ்சு வடிவம் லீற்றருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டினாலே செவுள் கெடத் தொடங்கும். எங்கள் தண்ணீரில் அதற்கு மொத்த அமோனியா 1 மில்லிகிராம் தாராளமாகப் போதும்.

ஆகவே இன்றைக்கே செய்யவேண்டியது இதுதான். சாப்பாட்டை முழுவதும் நிற்பாட்டுங்கள். தங்கமீன் ஒரு கிழமை சாப்பிடாமல் இருந்தாலும் ஒன்றும் ஆகாது. அப்பாவுக்குத்தான் மனம் பொறுக்காது, அவரிடம் பாணை ஒளித்து வையுங்கள். மருந்து எதையும் ஊற்ற வேண்டாம். காற்றோ நீரூற்றோ இப்போதைக்கு இரவு பகல் ஓடட்டும். துளி மருந்தால் பார்க்கும் வகையில் அமோனியா, நைத்திரைற்று, பி.எச். மூன்றுக்கும் சோதனைப் பெட்டி வாங்குங்கள். தாளை நனைத்துப் பார்க்கும் வகை மலிவு, ஆனால் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பி.எச். ஐ விடியவும் பின்னேரம் மூன்று மணிக்கும் பாருங்கள். இரண்டுக்கும் இடையில் ஒன்றுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அது பாசியின் வேலை.

உங்கள் தொட்டி விளிம்புக்கு நாலு விரல் குறைய நிரம்பியிருந்தால் ஏறத்தாழ 3000 லீற்றர். 200 லீற்றர் பரல் மூன்றில் கிணற்றுத் தண்ணீரை முதல் நாளே பிடித்து, காற்றுப்பட ஒரு இரவு நிற்கவிட்டு, அடுத்த நாள் தொட்டியிலிருந்து அதே அளவை எடுத்துவிட்டு மெதுவாக விடுங்கள். ஐந்தில் ஒரு பங்கு, அவ்வளவுதான். அமோனியா, நைத்திரைற்று இரண்டும் இறங்கும் வரை ஒவ்வொரு நாளும் செய்யுங்கள். வெளியே எடுக்கும் தண்ணீரை செவ்வரத்தைக்கும் வாழைக்கும் ஊற்றலாம், அவை விரும்பிக் குடிக்கும். அதோடு மூன்று கிலோ கல்லுப்பை வாளித் தண்ணீரில் கரைத்து, ஒரேயடியாக ஊற்றாமல் மூன்று நாளில் பிரித்து விடுங்கள். அது லீற்றருக்கு ஒரு கிராம். உப்பிலுள்ள குளோரைட்டு நைத்திரைற்றை மீனின் இரத்தத்துக்குள் போகாமல் தடுக்கும். உங்கள் கிணறு ஏற்கனவே சவர்ச்சுவை என்றால் பாதி போதும். தண்ணீர் மாற்றும்போது வெளியேறிய அளவுக்கு மட்டும் திரும்ப உப்புச் சேருங்கள், ஒவ்வொரு நாளும் மூன்று கிலோ போட்டுவிடாதீர்கள்.

இதற்கிடையில் ஒரு மீன் செத்தால், தூக்கி எறியாமல் செவுள் மூடியை உயர்த்திப் பாருங்கள். சந்தையில் மீன் வாங்கும்போது பூவைத் தூக்கிப் பார்ப்பீர்களே, அதே பழக்கம்தான். நல்ல சிவப்பு என்றால் செவுளில் பிழை இல்லை. கோப்பித்தூள் நிறத்தில் மண்ணிறமாக இருந்தால் நைத்திரைற்று. வெளிறிப்போயிருந்தால் ஒட்டுண்ணி இரத்தம் குடித்திருக்கலாம். சாம்பல் நிறத்தில் அங்கங்கே அரித்தது போல இருந்தால் கிருமியோ எரிவோ. ஆனால் செத்து இரண்டு மணித்தியாலத்துக்கு மேலான மீனில் இதைப் பார்க்க வேண்டாம். எங்கள் சூட்டில் எல்லாச் செவுளும் வெளிறிவிடும். கால்நடை வைத்தியரிடமோ பல்கலைக்கழகத்தின் கடற்றொழில் துறையினரிடமோ கொண்டுபோகிறீர்களென்றால் செத்ததைவிட உயிரோடு சோர்ந்து நிற்கும் மீன் ஒன்றும், தனிப் போத்தலில் தொட்டித் தண்ணீரும் நல்லது. செத்தது மட்டும்தான் இருக்கிறதென்றால் ஐஸில் வைத்துக் கொண்டுபோங்கள், உறையவைக்க வேண்டாம்.

மாமி சொன்ன வேப்பஞ்சருகு பாதி சரி. வேப்பெண்ணெய்க் கரைசல் தண்ணீரில் விழுந்தால் மீனுக்குக் கெடுதிதான். விழுகிற சருகிலிருந்து அந்த அளவுக்கு நஞ்சு இறங்காது. ஆனால் அடியில் சேர்ந்து அழுகினால் அதுவும் பாண் போலத்தான், ஒட்சிசனைத் தின்னும். சித்திரையில் வேப்பம்பூ கொட்டும் காலத்தில் தொட்டிக்கு மேல் ஒரு வலையைக் கட்டுங்கள். மரத்தை வெட்ட வேண்டாம், அந்த நிழல் இல்லாவிட்டால் பாசி இன்னும் கூடும். இரண்டு அல்லிக் கிழங்கும் வைக்கலாம். நீர்ப்பரப்பில் பாதியை இலை மூடினால் போதும். ஆகாயத்தாமரை இலவசமாகக் கிடைக்கிறது என்று கொண்டுவராதீர்கள். 1909 இலேயே சட்டம் போட்டும் இந்த நாட்டில் ஒழிக்க முடியாத செடி அது.

வடிகட்டி ஒன்று இல்லாமல் இந்தத் தொட்டி நிலைக்காது. பெரிய செலவு இல்லை. மூடியுள்ள பிளாஸ்ரிக் பரல் ஒன்றின் அடியில் தண்ணீர் ஏறி மேலே வழிந்து தொட்டிக்குத் திரும்பும்படி குழாய் வைத்து, உள்ளே உடைந்த கூரை ஓட்டுத் துண்டும் கழித்துப்போட்ட நைலோன் மீன்வலையும் அடைத்தால் பற்றீரியாக்களுக்கு அருமையான வீடு. கரையோர ஊர்களில் பழைய வலை சும்மாவே கிடைக்கும். உப்பும் வெடிலும் போக அலசி எடுங்கள். முருகைக்கல்லும் சுண்ணக்கல்லும் வடிகட்டிக்குள் போட வேண்டாம்; எங்கள் தண்ணீருக்கு அவை இன்னும் சுண்ணாம்பு சேர்க்கத் தேவையில்லை. வலையைக் கழுவும்போது தொட்டித் தண்ணீரிலேயே கழுவுங்கள். பிளீச்சிங் பவுடரை மலசலகூடத்தில் வைத்துவிடுங்கள்.

உங்கள் கடைசிக் கேள்வி: நாங்கள் குடிக்கிற தண்ணீர் மீனை ஏன் கொல்லுது? நாங்கள் தண்ணீரைக் குடிக்கிறோம், மீன் அதற்குள் சுவாசிக்கிறது, கழிக்கிறது. உங்கள் கிணற்றுத் தண்ணீர் தொட்டிக்கு வந்த அன்று மீனைக் கொல்லும் எதுவும் அதில் இருந்திருக்காது. இருந்திருந்தால் இரண்டு மாதம் 21 மீன் சுகமாக நின்றிராது. கொன்றது அந்தத் தண்ணீர் தொட்டிக்குள் மாறிய விதம். ஆனால் கேள்வியைத் திருப்பிப் போட்டால் எனக்குக் கவலை வருகிறது. மீனுக்கு ஒன்றும் செய்யாத நைத்திரேற்று மனிதருக்கும் ஒன்றும் செய்யாது என்று எடுக்க முடியாது. உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். வலிகாமத்தில் அதைத் தாண்டிய கிணறுகள் உண்டு. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தை வீட்டில் இருந்து, அந்தத் தண்ணீரில் மாப்பால் கரைத்துக் கொடுப்பதாக இருந்தால் அதன் இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுபோக முடியாமல் நீலம் பாரிக்கும் ஆபத்து இருக்கிறது. கொதிக்கவைத்தால் நைத்திரேற்று போகாது. தண்ணீர் ஆவியாக ஆக அடர்த்தி கூடும். மீன் தொட்டிக்குச் சோதனை செய்யும் செலவோடு செலவாக, குடிக்கும் தண்ணீரையும் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்தில் ஒருமுறை கொடுத்துப் பாருங்கள். தாளையடிக் கடல்நீர் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வரும் குழாய்த் தண்ணீர் உங்கள் வீட்டுக்கு வந்திருந்தால் குழந்தைக்கு அதை எடுக்கலாம். மீனுக்கு மட்டும் நேரே விட வேண்டாம், அதில் குளோரீன் உண்டு. பரலில் பிடித்து வெயிலில் இரண்டு நாள் வைத்த பிறகு விடுங்கள்.

மார்கழி, தை என்றால் டெங்குப் புகை அடிக்க வருவார்கள். அந்தப் புகையிலும் மீனைக் கொல்லும் மருந்துதான். சத்தம் கேட்டவுடன் தொட்டியைப் பொலித்தீனால் மூடி, காற்றுப் பம்பியை நிற்பாட்டுங்கள். அது புகையை இழுத்துத் தண்ணீருக்குள் தள்ளும். புகை கலைந்து அரை மணித்தியாலத்தில் திறந்து, பம்பியை மறக்காமல் திரும்பப் போடுங்கள்.

புது மீன் இப்போது வாங்க வேண்டாம். வடிகட்டி ஓடி, அமோனியாவும் நைத்திரைற்றும் தொடர்ந்து இரண்டு கிழமை பூச்சியம் காட்டிய பிறகு நாலு மீன் வாங்குங்கள், ஒரு மாதம் விட்டு இன்னும் நாலு. கடைக்கு வரும் மீன்கள் பெரும்பாலும் தெற்கிலிருந்து பொலித்தீன் பையில் இரவிரவாகப் பயணம் செய்து வருபவை. அவற்றை மூன்று கிழமை தனிப் பேசினில் வைத்துப் பாருங்கள். செட்டையடியில் நூல் போலத் தொங்கும் நங்கூரப் புழுவோ, தட்டையாக ஒட்டி ஓடும் மீன் பேனோ இருந்தால் அந்தக் காலத்துக்குள் தெரிந்துவிடும். பிறகு தொட்டிக்கு மாற்றும்போது மீனை மட்டும் வலையில் எடுத்து விடுங்கள், பேசின் தண்ணீரை முற்றத்தில் ஊற்றுங்கள்.